கழித்த கால் மணி நேரம்

1995 நவம்பர் 21, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஆய்வகத்தில் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மட்டும் ஒழுகுகிறது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் மழைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடிவிட்டு மூன்றாம் ஆண்டுக்கு ஒளியியல் எடுக்கப் போனேன்.

மதியம் கடிதம் வந்தது. தீசிஸ் வரைவை முன்கூட்டியே பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்த வெளியூர்ப் பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஒன்றரைப் பக்கம் பாராட்டு. கடைசிப் பத்தியில் வைத்தார் வெடியை. கணக்கைப் பதிவுகளோடு பொருத்த நான் பயன்படுத்தியிருக்கும் முறை பழையதாம், தொடக்கத்தில் நாம் கொடுக்கும் மதிப்புகளை நம்பியே நிற்பதாம். புரோகிராமில் அந்தப் பகுதியை மாற்றி எழுதி, எல்லா மதிப்புகளையும் அவிழ்த்துவிட்டு, மூன்றாவது நட்சத்திரம் அப்போதும் நிற்கிறதா என்று காட்ட வேண்டுமாம்.

நிற்காமல் எங்கே போகும்?

யாராவது கேட்டால் உளறாமல் இருக்க எனக்கே ஒரு தரம் எழுதிக்கொள்கிறேன். நான் ஆராயும் நட்சத்திரம் ஒன்றுபோலத் தெரியும், உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலானது வெளிச்சமானதை மறைக்கும்போதெல்லாம், மூன்று நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு முறை, வெளிச்சம் குறைந்து திரும்புகிறது. அந்த மங்கும் நேரம் தவறாமல் வரவேண்டும். ஆனால் 1992க்குப் பிறகு முன்னதாகவே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இருக்கிறது, மூன்றும் சேர்ந்து பத்தொன்பது வருடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்று வைத்தால் கணக்கு உட்காருகிறது. அதுதான் என் நான்காம் அத்தியாயம். முதல் மூன்று அத்தியாயமும் அதற்குப் போட்ட பந்தல்.

அந்த நட்சத்திரத்தை வேறு யாரும் தொடர்ந்து பார்த்ததில்லை. பார்த்தவர் ஒருவர்தான், கல்லிடைக்குறிச்சி பாபநாசம் அண்ணாச்சி. மில் தொழிலாளி. 1986இல் வால்நட்சத்திரம் பார்க்க எங்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்தவர், அதன் பிறகு வானத்தை விடவே இல்லை. பத்து வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு முறை அது மங்கியதைப் பார்த்து நேரம் குறித்திருக்கிறார்.

ஜூன் 30க்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதி. ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்துத் தந்தார்கள். இனித் தரமாட்டார்கள்.

நவம்பர் 23

வெங்கட்ரமணன் சாரிடம் கடிதத்தைக் காட்டினேன். என் கைடு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மாச வேலைம்மா. முறையைத்தானே மாத்தச் சொல்றார், முடிவையா மாத்தச் சொல்றார்?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டிசம்பர் 3, ஞாயிறு

கல்லிடைக்குறிச்சி போனேன். அண்ணாச்சி மெலிந்துவிட்டார். பதினேழு வருடம் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு, இப்போது பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சை இழுக்கிறது. வயது ஐம்பத்திரண்டுதான். வேலை போய் நான்கு வருடம் ஆகிறது. அந்தச் சின்ன மில்லையே இப்போது மூடிவிட்டார்கள்.

சுவரில், மூன்றாவது நட்சத்திரத்தைப் பற்றி இதழில் வந்த எங்கள் கட்டுரையின் முதல் பக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள். மூன்று பெயர் இருக்கும். என் பெயர், சார் பெயர், எஸ். பாபநாசம். மூன்றாவது பெயருக்காக 1994இல் சாரிடம் இரண்டு வாரம் மல்லுக்கு நின்றேன்.

"மூணாவது பேரு, மூணாவது நச்சத்திரம். ரெண்டும் கண்ணுக்குத் தெரியாதது" என்று சிரித்தார் அண்ணாச்சி. சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவர் மனைவி மாரித்தாய் மதினி அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார். கை நிற்காது, பேச்சும் நிற்காது. "பகல்ல மொட்டை மாடி எனக்கு, அப்பளம் காயும். ராத்திரி அவியளுக்கு. மாடிக்கு ஓய்வே கெடையாது, பாத்துக்கிடுங்க" என்றார். அண்ணாச்சி இப்போது மாடி ஏறுவதில்லை. போன சித்திரையோடு நின்றுவிட்டது.

புது முறையைப் பற்றி அண்ணாச்சியிடம் சொன்னேன். பழைய முறை ஒரே தாவாகத் தாவும், சரியான இடத்துக்குப் பக்கத்தில் விட்டால்தான் போய்ச் சேரும். புதியது இருட்டில் படித்துறை இறங்குகிற மாதிரி. காலை வைத்துப் பார்க்கும், ஆழம் கிடைத்தால் இறங்கும், இல்லையென்றால் காலை எடுத்துக்கொண்டு இன்னும் சின்னதாக வைக்கும். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப எங்கன விட்டாலும் ஒரே எடத்துக்கு வந்து சேரணும். அப்பத்தான் அது நெசம்."

எங்கள் எம்.எஸ்ஸி. பையன்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆகும்.

என் கைக்கடிகாரம் ரிப்பேரில் இருக்கிறது. சுவர்க் கடிகாரம் ஐந்தே கால் காட்டியது. ஐந்து இருபதுக்கு ரயில் என்று பதறி எழுந்தேன். "எங்க வீட்டுக் கடியாரம் கால் மணி முந்தி ஓடும் டீச்சர். மில் பஸ்ஸுக்காவ வச்சது. பைய போங்க" என்றார் அண்ணாச்சி. பைய போனேன். ரயில் போய்விட்டது. முன்னதாகவே எடுத்துவிட்டீர்களா என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டை போட்டேன். அந்த மனிதர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன்.

டிசம்பர் 12

பழைய புரோகிராமைத் திறந்தால் 1990இல் நான் எழுதிய வரிகள் எனக்கே புரியவில்லை. இவ்வளவு திமிராக இருந்திருக்கிறேன். ஒரு இடத்தில்கூட விளக்கக் குறிப்பு இல்லை.

கணினித் துறை அகமது மீரான் ஒரு புத்தகம் தந்தார். "மேடம், இதுல எல்லாம் இருக்கு, பொறுமை மட்டும் நீங்க கொண்டாரணும்." அது என்னிடம் எப்போது இருந்தது?

டிசம்பர் 19

நான்கு நாளாகப் பிடிபடாத தப்பு, ஒரு எண்ணுக்குப் பின்னால் விட்டுப்போன ஒற்றைப் புள்ளி. மின்சாரம் வேறு ஆறு தடவை போனது.

டிசம்பர் 25

ராதாபுரம் தாண்டி எங்கள் ஊர். பூசை முடிந்து எல்லாரும் கடற்கரையில். அம்மா கேட்டாள், "மூணாவது வெள்ளியக் கண்டுபுடிச்சாச்சுன்னியே, பொறவும் என்னத்த இன்னும் தேடுத?" அம்மாவுக்கு வானத்தில் இருப்பதெல்லாம் வெள்ளிதான். கண்டுபிடித்ததையே மறுபடி தேடுகிறேன் என்றேன். "தொலைச்சிட்டியா?" என்றாள். அதற்கு நான் சிரித்தேன்.

1996 ஜனவரி 6, சனி

புது முறை ஓடிவிட்டது. தப்பில்லாமல் ஓடுகிறது. பொய்யான தரவை நானே செய்து கொடுத்துப் பார்த்தேன், ஒளித்து வைத்ததைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. அதன் பிறகுதான் உண்மையான நூற்றுப் பன்னிரண்டையும் கொடுத்தேன்.

ஐம்பது வெவ்வேறு தொடக்கங்கள். ஐம்பதும் ஐம்பது இடத்தில் போய் நின்றன. மூன்றாவது நட்சத்திரத்தின் சுற்று ஒன்றில் பதினொரு வருடம், ஒன்றில் நாற்பது, ஒன்றில் முந்நூறு. எங்கே விட்டாலும் ஒரே இடத்துக்கு வந்தால்தான் நிஜம்.

பழைய புரோகிராமில் பத்தொன்பது என்ற எண்ணை நான் கையால் நிறுத்தி வைத்திருந்தேன். நிறுத்தாவிட்டால் கணக்கு வெடிக்கும். வெடிக்காமல் இருக்கத்தான் நிறுத்தினேன் என்று இத்தனை நாளாக நம்பினேன். எதற்கு வெடிக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. தீசிஸில் ஒரு வரி எழுதியிருக்கிறேன், 'சுற்றுக்காலம் நிலையாகக் கொள்ளப்பட்டது.' யார் கொண்டது? நான்தான்.

ஜனவரி 9

இன்றும் அதே. நாளையும் அதே வரும். வகுப்பில் ஒரு பெண்ணிடம் எதற்கோ கத்திவிட்டேன். பாவம், சந்தேகம் கேட்டாள்.

ஜனவரி 11, வியாழன்

பிரிண்டரை நம்பாமல் கிராஃப் தாளில் கையாலேயே குறித்தேன். மூன்றாவது நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, இரண்டு மட்டும் இருந்தால் எப்போது மங்க வேண்டும், அண்ணாச்சி எப்போது பார்த்தார், வித்தியாசம் எவ்வளவு. ஒவ்வொன்றாக நூற்றுப் பன்னிரண்டு புள்ளி.

முதல் அறுபத்தெட்டும் ஒரே கோட்டில். பிறகு ஒரு படி கீழே. அடுத்த நாற்பத்து நான்கும் அந்தக் கீழ்க் கோட்டில். வளைவே இல்லை. வளைவு என்று இத்தனை நாள் நாங்கள் பார்த்தது இந்தப் படியின் மேல் பழைய முறை போர்த்திய துணி.

எந்த நட்சத்திரமும் ஒரே வாரத்தில் இப்படி இறங்காது. 1992 ஜனவரி 9ஆம் தேதி மேலே இருக்கிறது, 15ஆம் தேதி கீழே.

படியின் உயரம் 0.0104 நாள். ஆயிரத்து நானூற்று நாற்பதால் பெருக்கினேன்.

பதினைந்து நிமிடம்.

அந்த ரயில் முன்னதாகப் போகவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

விடுதியில் யாரும் இல்லை. அண்ணாச்சியின் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டம் போட்டிருக்கிறார். 'கடியார மணி', 'சரி மணி'. இரண்டாவது எப்போதும் முதலாவதில் பதினைந்து குறைவு. ஒரு நாள்கூட கழிக்க மறக்கவில்லை. நான் இரண்டாவது கட்டத்தை மட்டும் எழுதிக்கொண்டு, முதல் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறேன்.

ஏதோ ஒரு நாளில் அந்தக் கடிகாரம் சரியாகிவிட்டது. அவர் மட்டும் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான்கு வருடமாகவா கவனிக்கவில்லை? ரேடியோ 1990லேயே கெட்டுப்போனது. கைக்கடிகாரத்தைப் பஞ்சு தின்றுவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போகாத மனிதருக்குப் பகலில் மணி எதற்கு? ராத்திரி மட்டும் மாடியிலிருந்து இறங்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பதினைந்தைக் கழித்து எழுதினால் போதும்.

ஜனவரி 21, ஞாயிறு

ரிப்பேரில் இருந்து வந்த கைக்கடிகாரத்தை ரேடியோ மணியோடு சரிபார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி வீட்டுச் சுவர்க் கடிகாரமும் என் கையும் ஒரே மணி காட்டின.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மதினி காபி கொண்டுவந்தார். நான் சுவரையும் கையையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார். அந்த வீட்டில் மாரித்தாய் மதினி கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது.

ஸ்டேஷன் வரை கூடவே வந்தார். வாய்க்கால் பாலத்தில் நிறுத்தினார்.

"என்னத்துக்கு டீச்சர் அந்தக் கடியாரத்த அப்படிப் பாத்திய?"

"அது கால் மணி முந்தி ஓடும்னு அண்ணாச்சி சொன்னாங்க மதினி. ஓடலையே."

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், எனக்கு வேறு விதமாக எழுத வராது.

"தொண்ணூத்திரெண்டுல பொங்கலுக்கு முந்தி, திங்கக்கெழம, அவிய வேலையில இருந்து வந்தாவ. பையில மில்லு டம்ளர் இருந்திச்சு. பதினேழு வருசம் மில்லுலயே கெடந்த டம்ளரு. அதக் கண்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, வெளிய அனுப்பிட்டானுவன்னு. அவிய ஒண்ணும் சொல்லல. மறுநாளும் விடியமுன்னே எந்திரிச்சுக் குளிச்சுக் கெளம்புதாவ. நானும் கேக்கல. தூக்குல சோத்தக் கட்டிக் குடுத்தேன். இல்லாத வேலைக்கு என்னத்துக்குக் கால் மணி முந்தி எந்திரிக்கணும்? அந்த மனுசன் கால் மணி கூடக் கெடந்து தூங்கட்டும்னு முள்ளத் திருப்பி வச்சேன். பங்குனி உத்திரம் கழிஞ்சுதான் எங்கிட்ட வாயத் தொறந்தாவ. அப்பத்தான் தெரிஞ்ச மாதிரி அழுதேன்."

நான் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தக் கால் மணிதான் மூன்றாவது நட்சத்திரம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்த நச்சத்திரம்?"

"இல்ல மதினி."

வாய்க்கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவியளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நானே அழிச்சிட்டனா?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பள மாவு ஒட்டிய கை. "எனக்கு அன்னைக்கே தெரியும்னு அவியளுக்குத் தெரியக் கூடாது. ரெண்டு மாசம் எனக்காவ நடிச்ச மனுசன். சொல்லிராதிய."

சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஏன் செய்தேன்?

ஜனவரி 24, புதன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரை மட்டும் சொல்லவில்லை. கிராஃபை ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை, அதுதான் கஷ்டம்.

"மூணாவது இல்லேன்னா நாலாம் அத்தியாயம் இல்லை. அது இல்லேன்னா தீசிஸ் இல்லை. அஞ்சு மாசத்துல வேற என்ன செய்வே? எனக்கு அடுத்த வருஷம் ரிடயர்மென்ட். இதுக்கப்புறம் எனக்கும் ஸ்டூடன்ட் இல்லை." கிராஃபை மடித்து என்னிடமே தந்தார். "புது முறையிலயும் ஒரு மதிப்பை நிறுத்தி வைக்க இடம் இருக்குமே அஞ்சலின். முறை மாறிடுத்து. கேட்டதும் அதைத்தானே."

இடம் இருக்கிறது. நான்தான் வைத்தேன். ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் ஒரு எண். 1 என்றால் அவிழ்த்துவிடு, 0 என்றால் அசைக்காதே.

பிப்ரவரி 9

ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். பத்தொன்பது அசையாமல் நின்றது, மூன்றாவது நட்சத்திரம் அழகாகத் திரும்பி வந்தது, கணக்கில் ஒட்டாத மிச்சமெல்லாம் பாதியாகக் குறைந்தது. நாற்பத்தொரு பக்கம் பிரிண்ட் எடுத்தேன்.

அண்ணாச்சிக்காக என்று சொல்லிக்கொண்டேன். மதினிக்குக் கொடுத்த வாக்குக்காக என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் எனக்காக. எனக்கு முப்பத்தாறு வயது, தற்காலிக வேலை, பட்டம் இல்லாமல் இங்கே யாரும் நிரந்தரமாக்கப் போவதில்லை. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 27

நாற்பத்தொரு பக்கமும் மேஜை இழுப்பறையில். சாரிடம் இன்னும் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. என்னடி செய்யப் போற?

மார்ச் 17, ஞாயிறு

அண்ணாச்சியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூக்கில் குழாய். மதினி சுடுதண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தார்.

"புது முறை என்ன சொல்லுது டீச்சர்?"

"இன்னும் ஓடிக்கிட்டிருக்கு அண்ணாச்சி."

"மூணு மாசமாவா?" என்றார். "கிராஃபக் காட்டுங்க. பையில வச்சிருப்பிய, எனக்குத் தெரியும்."

இழுப்பறைப் பக்கங்கள் பையில் இல்லை. ஜனவரியில் கையால் போட்ட தாள்தான் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை.

கட்டிலில் சாய்ந்தபடி தாளை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டார். படியின் மேல் விரலை வைத்தார்.

"இது எவ்வளவு?"

"பதினஞ்சு நிமிசம்."

"எந்த நாளுல இருந்து?"

"தொண்ணூத்திரெண்டு பொங்கல். அந்த வாரம்."

மூச்சை இழுத்து விட்டார். இழுத்து விட்டார். பிறகு, நான் சொல்லாத தேதியை அவரே சொன்னார். "பதிமூணாந் தேதி. திங்கக்கெழம."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப அவளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு." கண் கதவுப் பக்கம் போனது. "ரெண்டு மாசம் ஆத்தங்கரையில உக்காந்து அவ கட்டிக் குடுத்த சோத்தத் தின்னுட்டு வருவேன், டீச்சர். ஏமாத்துதமேன்னு தின்ன சோறு எறங்காது. அவ தெரிஞ்சேதான் கட்டியிருக்கா."

அழுதார். குழாயோடு அழுவது பார்க்க முடியாததாக இருந்தது.

நட்சத்திரத்தைப் பற்றி அப்புறம்தான் பேசினார். "ஒண்ணுமில்லாத எடத்துல ஒண்ண வச்சு நாலு வருசம் பாத்துக்கிட்டிருந்திருக்கேன். சரி. பதினஞ்சக் கூட்டிப் போடுங்க டீச்சர். தப்பு கடியாரத்துல. எங்கண்ணுல இல்ல, பாத்துக்கிடுங்க."

மதினி படியேறும் சத்தம் கேட்டது. என் பக்கம் திரும்பி அவசரமாகச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவகிட்ட சொல்லிராதிய."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். மதினி சுடுதண்ணீரை ஆற்றிக் கொடுத்தார், அவர் குடித்தார். வழக்கத்தைவிட அதிகமாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 18

இழுப்பறையில் இருந்த நாற்பத்தொரு பக்கத்தையும் கிழித்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

அண்ணாச்சி விடியற்காலையில் போய்விட்டார். மதினிதான் ஆள் அனுப்பினார்.

ஏப்ரல் 10

ஆற்றங்கரையில் வைத்து எரித்தார்கள். பெண்கள் போகக் கூடாது என்று என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடிச் சட்டம், அதற்குள் மூன்று பெயர். மதினி அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28

நாற்பத்து நான்கு நேரங்களிலும் பதினைந்தைக் கூட்டினேன். ஒவ்வொன்றையும் நானே தட்டினேன், வேறு யாரையும் விடவில்லை. அவிழ்த்துவிட்டு ஓட்டினேன். ஐம்பது தொடக்கம். ஐம்பதும் ஒரே இடத்துக்கு வந்தன.

இரண்டே நட்சத்திரம். மிச்சம் மூன்று நிமிடத்துக்குள். வெறும் கண்ணாலும் சின்னத் தொலைநோக்கியாலும் பத்து வருடம் பார்த்ததில் தப்பு மூன்று நிமிடத்துக்குள் என்றால் அது என்ன கண்! இதைச் சொல்ல ஆள் இல்லை. போன மாதமே செய்திருக்கலாம். ஒரு ராத்திரி வேலை. பிப்ரவரி முழுக்க இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேனே, அதில் ஒரு நாள் போதும். இதை நான் மறக்கவே மாட்டேன்.

மே 6

சார் கையெழுத்துப் போடவில்லை. 'ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்ததற்கு யார் பட்டம் தருவார்கள்' என்பது அவர் கேள்வி. கட்டுரையைத் திருத்தி இதழுக்கு எழுதுவதானால் உன் பெயரில் மட்டும் எழுதிக்கொள் என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். இவ்வளவு வருடத்தில் அதுதான் முதல் முறை.

ஜூன் 30, ஞாயிறு

கடைசித் தேதி. பல்கலைக்கழக அலுவலகம் பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் கொண்டுபோக என்னிடம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 12

அகமது மீரான் என் புரோகிராமை ஃப்ளாப்பியில் கேட்டு வாங்கிப் போனார். வேறு கல்லூரியில் ஒரு பையனுக்கு வேண்டுமாம். எல்லா எண்களையும் 1 என்று வைத்துக் கொடுத்தேன். முதல் வரியில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன்: 'எதையாவது நிறுத்தி வைத்தால் ஏன் என்று இங்கே எழுதவும்.'

நிரந்தர இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்றவர். நல்ல பெண், என் வகுப்பில் படித்தவள்தான்.

1997 ஜனவரி 19, ஞாயிறு

இதழ் வந்திருந்தது. திருத்தக் குறிப்பு ஆறு வரி. 'நேரப் பதிவில் இருந்த பதினைந்து நிமிடப் பிழை நீக்கப்பட்டது. மூன்றாவது நட்சத்திரம் இல்லை. எஸ். பாபநாசத்தின் நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் மூன்று நிமிடத் துல்லியம் கொண்டவை.' பிழை எப்படி வந்தது என்று எழுதவில்லை. கேட்கவும் இல்லை.

மதினியிடம் காட்டப் போனேன். வாசித்துத் தமிழில் சொன்னேன். அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அவிய பேரு இருக்கா?"

"இருக்கு மதினி."

"எம்பேரு?"

"இல்ல."

"அது போதும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "கடைசி வரைக்கும் அவியளுக்குத் தெரியாதுல்லா? எனக்கு முந்தியே தெரியும்ங்கது?"

பட்டத்துக்காக ஒரு எண்ணைக்கூட மாற்ற மாட்டேன் என்று வந்தவள் நான்.

"தெரியாது மதினி" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பழைய பக்கம் கண்ணாடிக்குள் அப்படியே சுவரில் இருக்கிறது. இதை அதன் பக்கத்தில் மாட்டவா என்று நான் கேட்கவில்லை. அவர் இதழை வாங்கி, அண்ணாச்சியின் நோட்டுகளோடு சேர்த்து அலமாரியில் வைத்தார். சேலைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்துவிட்டு வைத்தார்.

பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து இருபது. ரயில் போய்விட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பைய போங்க டீச்சர்" என்றார் மதினி.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐந்து. மதினி அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப் படியேறினார்.

சுவரில் இருந்த மணியில் பதினைந்தைக் கழித்துவிட்டு, ஸ்டேஷனுக்கு மெதுவாக நடந்தேன். ரயில் கிடைத்தது.